சேவற்கொடிக்காரருக்கு இந்த வருசம் எப்படி?

வட லண்டன்
20.07.2025

அன்பு மச்சானுக்கு,

டொட்டன்ஹாம் கால்பந்துக் கழகம் இந்த சீசன் என்ன செய்யுமெண்டு பாசையூர்ப் பெடியள் கேக்கினமாம், பக்கத்தில இருக்கிற எனக்குத்தான் தெரியுமாம் எண்டு எழுதியிருக்கிறாய். பக்கத்தில இருக்கிறவனுக்குத் தெரியிறது ஒண்டுதான்: மட்ச் நாளில பஸ் நகராது.

போன சீசன் கதையைக் கேள். 38 ஆட்டத்தில 22 தோல்வி, 17ஆம் இடம். இன்னும் ஒரு படி இறங்கினால் கீழ்ப் பிரிவு. அதே ஆக்கள் மே 21 பில்பாவோவில மன்செஸ்டர் யுனைட்டட்டை 1–0 எண்டு வெண்டு யூரோப்பா லீக் கிண்ணத்தைத் தூக்கினம். தோத்த யுனைட்டட்டும் லீக்கில 15ஆம் இடம்தான், அதையும் மறக்காதை. 2008க்குப் பிறகு டொட்டன்ஹாமுக்கு வந்த முதல் கிண்ணம். பதினாறாம் நாள் பயிற்றுநர் பொஸ்டகொக்லுவை நிப்பாட்டிப் போட்டினம். கலியாணம் பேசி முடிச்ச தரகரைப் பந்தியில இருக்கவிடாமல் அனுப்பின மாதிரி.

என்னோட வேலை செய்யிற வெள்ளைக்காரக் கிழவர் ஒருத்தர், இவை கடைசியா லீக் வெண்ட 1961இல பள்ளிக்கூடப் பெடியன். ஒவ்வொரு ஜூலையும் "இந்த முறை பார்" எண்பார். நவம்பரில பந்துக் கதை எடுத்தால் தேத்தண்ணிக் கோப்பையோட எழும்பிப் போயிடுவார். எங்கட மாமிக்குக் கணக்கு வேற. அவையின்ர சின்னத்தில சேவல் நிக்குதாம், ஹைகேட் முருகன் அயலில இருக்கிறாராம், பிறகென்ன பயமாம். போன சீசன் அந்த 22 தோல்வியையும் முருகன் பாத்துக்கொண்டுதானே இருந்தவர் எண்டு கேட்டன். எனக்கு அண்டைக்குச் சோறு பிந்தித்தான் வந்தது.

என்ர கணிப்பு கேக்கிறியோ? 17ஆம் இடத்தை அப்படியே நம்பாதை. பின்காவல்காரர் ரொமேரோவும் வன் டி வெனும் மாசக்கணக்கில காயத்தில படுத்தவை. 18 வயது ஆர்ச்சி கிரே, நடுக்களப் பெடியன், பின்காவலின்ர நடுவில நிண்டு அடி வாங்கினவன். அவ்வளவு நொண்டியும் 64 கோல் அடிச்சினம். குறை என்னெண்டால் 65 விட்டினம். புதுப் பயிற்றுநர் தோமஸ் பிராங்க், பிரென்ட்போர்ட் எண்ட சின்னக் கழகத்தை 2021இல மேல் பிரிவுக்குக் கொண்டுவந்து அங்கையே நிப்பாட்டி வைச்ச டென்மார்க்காரன். முதல் வேலையா ஓட்டையை அடைப்பான் எண்டு நினைக்கிறன். வெஸ்ட் ஹாமிட்டையிருந்து 5.5 கோடி பவுணுக்கு ஆட்டக்காரன் குடுசும் வந்திட்டான். ஆனால் கிண்ணம் வெண்ட பலனா சாம்பியன்ஸ் லீக் வருது; கிழமைக்கு ரெண்டு ஆட்டம், திரும்பவும் கால் பிடிக்கும். அதால ஏழாம், எட்டாம் இடம். அதுக்கு மேல சொல்லுறவன் கிழவரின்ர கட்சி.

ஆகஸ்ட் 16 முதல் லீக் ஆட்டம், பேர்ன்லியோட. லேசெண்டு நினையாதை. போன வருசம் கீழ்ப் பிரிவில 46 ஆட்டத்தில 16 கோல்தான் விட்டவை.

நீ கேட்ட, ஆட்டக்காரன் சொன் பெயர் போட்ட சேட்டை இப்ப வாங்கேலாது. ஒப்பந்தம் அடுத்த வருசத்தோட முடியுது, போகப்போறான் எண்டு ஊரெல்லாம் கதை. பெயர் அடிச்ச சேட்டைக் கடைக்காரன் திருப்பி எடுக்கமாட்டான். செப்டம்பர் 1 வாங்கல் விற்கல் முடியட்டும். அவசரமெண்டால் சொல்லு, பெயரில்லாமல் அனுப்புறன். அளவை எழுது, போன முறை உன்ர வண்டியைக் குறைச்சுச் சொல்லிப்போட்டாய்.

இப்படிக்கு,
உன்ர மச்சான்