நகல் நிபுணர்

ஆகஸ்ட் மாதத்து ரோமில் வெயில் 35 டிகிரியைத் தாண்டும்போது சுற்றுலாக் குழுவில் எல்லோரும் வாடி வதங்கிப்போவார்கள். ஒருவர் மட்டும் வாடமாட்டார். அவர் பாட்டுக்குக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் நிற்பார். வழிகாட்டிப் பெண் மூச்சு வாங்க நிறுத்தியதும் தொண்டையைக் கனைப்பார். போச்சு, ஏதோ ஒன்று பொய்யாகப் போகிறது என்று அர்த்தம்.

கொலோசியத்தில் தொடங்குவார். சக்கரவர்த்தி கட்டைவிரலைக் கீழே காட்டினால் வீரனுக்குச் சாவு என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டிருப்பாள். "அது 1872-ல் ழெரோம் என்ற பிரெஞ்சு ஓவியர் வரைந்த படத்தால் பரவிய நம்பிக்கை. விரல் மேலே போனதா, கீழே போனதா என்பது யாருக்கும் நிச்சயமில்லை" என்பார் இவர். கட்டைவிரலைக் கவிழ்த்துச் செல்ஃபிக்கு நின்ற இரண்டு பையன்கள் மெதுவாகக் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொள்வார்கள்.

வெளியே, தலையில் சிவப்புக் குஞ்சம் வைத்த தலைக்கவசமும் பிளாஸ்டிக் கவசமுமாக ஒருவன் போட்டோவுக்கு நிற்பான். அது படைத்தலைவன் வேஷமே தவிர கிளாடியேட்டர் வேஷம் இல்லை என்று அவனிடமே போய்ச் சொல்வார். "அசல் ஆளாக இருந்தால் உங்களிடம் காசு கேட்டுக்கொண்டா நிற்பேன்?" என்பான் அவன்.

எரிச்சல் எங்கே வருகிறது என்றால், மனிதர் சொல்வதெல்லாம் சரியாக இருக்கும். பொய் பேசுகிறவரிடம் சண்டையாவது போடலாம். பாந்தியன் முகப்பில் அக்ரிப்பா கட்டியதாகக் கொட்டை எழுத்தில் இருக்கிறது. இப்போது நிற்கும் கட்டடம் ஹேட்ரியன் காலத்தது. ஸ்பானியப் படிகளின் உச்சியில் நிற்கும் தூபி எகிப்தியத் தூபியைப் பார்த்து ரோமானியர்கள் செய்துகொண்டது. ரோம் எரிந்தபோது நீரோ பிடில் வாசித்திருக்க வழியே இல்லை, பிடில் பிறக்க இன்னும் ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு மேல் பாக்கி. வெள்ளைவெளேரென்று நிற்கும் பளிங்குச் சிலைகளுக்கு அந்தக் காலத்தில் நம் கோபுர பொம்மைகளைப் போல வர்ணம் அடித்திருந்தார்கள். (இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் நான் ரசித்தேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.)

சாப்பாட்டு மேஜையிலும் விடமாட்டார். எதிரே ஒரு அம்மாள் கண்ணை மூடி, தக்காளிச் சாறு சொட்டச் சொட்டப் பாஸ்தாவை ருசித்துக்கொண்டிருப்பார். "தக்காளி அமெரிக்காவிலிருந்து வந்தது. சீசர் இதைச் சாப்பிட்டதே இல்லை." அம்மாள் கண்ணைத் திறக்காமலே, "பாவம் சீசர்" என்று இன்னொரு கவளத்தை வாய்க்குள் தள்ளுவார்.

ட்ரேவி நீரூற்றில், காசு போட்டால் மறுபடி ரோமுக்கு வரலாம் என்ற நம்பிக்கை உலகமெல்லாம் பரவியது 1954-ல் வந்த ஒரு ஹாலிவுட் படத்தால்தான் என்பார். போட்ட காசை வாரிக்கொண்டுபோய்த் தர்ம காரியத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வார். பக்கத்தில் நிற்கும் சிறுமி இதையெல்லாம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, முதுகைத் திருப்பிக் காசை வீசுவாள்.

கடைசியாகக் கேப்பிடோலின் குன்று. மைக்கேலாஞ்சலோ வடிவமைத்த சதுக்கத்தின் நடுவே மார்க்கஸ் ஆரேலியஸ் குதிரைமேல் வீற்றிருக்கிறார். எல்லோரும் கேமராவைத் தூக்க, நம்மவர் கனைப்பார்: "நகல்." அசல் வெண்கலச் சிலையைக் கிறிஸ்தவர்கள் தங்கள் மதத்துச் சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன் என்று நினைத்ததால்தான் உருக்காமல் விட்டார்கள், மழையும் புகையும் அரித்ததால் அதைப் பக்கத்திலிருக்கும் அருங்காட்சியகத்துக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள் என்று விளக்குவார்.

வழிகாட்டிப் பெண்ணின் முகம் அன்றைக்கு முதல்தடவையாக மலரும். "அருங்காட்சியகம் இதோ இருக்கிறது சார். நேரமும் இருக்கிறது. வாருங்கள், அசலையே பார்த்துவிடலாம்."

குழு உள்ளே போகும். இவர் வெயிலிலேயே நின்றுகொள்வார். சதுக்கத்தில் அடுத்த பஸ் கூட்டம் வந்து இறங்கிக்கொண்டிருக்கும்.