மூச்சை இழுத்து விடுங்கள், ஆசிரியரே

பிள்ளைகளின் மனத்தை ஒருநிலைப்படுத்த பிரிட்டனில் ஒரு பெரும்படையே கிளம்பியது. ஆக்ஸ்ஃபோர்டு உள்ளிட்ட பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள், 85 பள்ளிகள், எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள். ஆய்வின் பெயர் ‘மிரியாட்’. ஒரு பகுதிப் பள்ளிகளில் மனக்கவனப் பயிற்சி: மூச்சைக் கவனி, எண்ணம் வந்தால் வரட்டும், போனால் போகட்டும். மற்றவற்றில் வழக்கமான பாடம். ஜன்னலுக்கு வெளியே ஓடும் அணிலில் ஏற்கெனவே ஒன்றிப்போயிருக்கும் பையனை உசுப்பி, “கண்ணை மூடிக் கவனி” என்றால் அவன்தான் என்ன செய்வான், பாவம்!

2022-இல் முடிவு வெளிவந்தது. மனச்சோர்வைத் தடுப்பதில் புதிய பயிற்சி பழைய பாடத்தைவிட மேலானது அல்லவாம். வீட்டில் செய்து பார்க்கச் சொன்னதைப் பெரும்பாலான பிள்ளைகள் தொடவே இல்லை. வீட்டுப்பாடம் என்று வந்துவிட்டால் ஞானத்துக்கும் அதே கதிதான்.

ஆனால் செலவு முழுக்க வீணாகவில்லை. கற்பிப்பதற்கு முன் ஆசிரியர்களும் அந்தப் பயிற்சியை எடுத்துக்கொண்டார்களே, அவர்களுக்குப் பணிச்சோர்வு குறைந்தது, கொஞ்ச காலத்துக்காவது. கஷாயம் காய்ச்சியது பிள்ளைக்கு, குடித்துத் தேறியது தாய்! இதில் தப்பொன்றும் இல்லை. முப்பது வாண்டுகளை நாள் முழுக்கக் கட்டி மேய்ப்பவருக்குத்தானே மூச்சு வாங்குகிறது?

ஆகவே, அடுத்து இந்தத் திட்டத்தைக் கையில் எடுக்கப்போகும் கல்வி அதிகாரிகளே, ஆசிரியர் அறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த ஒரு பீரியடுக்குப் பிள்ளைகள் கையில் பந்தைக் கொடுத்துவிடுங்கள்.