கெடு மேல் கெடு

காலா அசார் என்ற காய்ச்சல் நோயை ஒழிக்க இந்திய அரசு கைவசம் வைத்திருக்கும் முதல் மருந்து நாள்காட்டி. 2010-க்குள் இந்த நோய் இந்த நாட்டில் இருக்காது என்று 2002-ம் ஆண்டு தேசிய சுகாதாரக் கொள்கை எழுதிவைத்தது. அது நடக்காது என்று அவர்களுக்கே தோன்றியதோ என்னவோ, 2005-லேயே நேபாளத்தையும் வங்கதேசத்தையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு 2015 என்று இன்னொரு கெடுவில் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டும் போயின. 2017 பிப்ரவரி முதல் தேதி பட்ஜெட் உரையில் அன்றைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி, அந்த 2017-க்குள்ளேயே ஒழித்துவிடுவோம் என்றார். கையில் பதினொரு மாதம். பிறகு 2020. பிறகு 2023. முகூர்த்தத் தேதியை இத்தனை தடவை மாற்றினால் பெண் வீட்டார் சும்மா விடமாட்டார்கள். வாய்தா வாங்கப்பட்டது பீகாரின் முசஹர் தலித் மக்களின் உயிருக்கு என்பதால் கேட்க நாதியில்லை.

இந்த நோயைப் பரப்பும் மணல் ஈக்கும் பட்ஜெட் உரை கேட்கும் பழக்கம் இல்லை. கொசுவில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும், ரீங்காரம் கிடையாது. பகலில் மண்சுவரின் விரிசலிலும் மாட்டுக்கொட்டகையின் ஈரத்திலும் பதுங்கிக் கிடந்து, இருட்டியதும் கடிக்கும். கடிக்கும்போது உள்ளே போகும் ஒட்டுண்ணிக்கு உடம்பெல்லாம் ஒரே ஒரு செல். அதை விழுங்க வரும் வெள்ளணுவுக்குள்ளேயே இருந்துகொண்டு பெருகுகிறது. வாரக்கணக்கில் காய்ச்சல். கை கால் குச்சியாக வற்றிப்போய், வயிறு மட்டும் முன்னே தள்ளி நிற்கும். மருத்துவர் இடது விலாவுக்குக் கீழே கையை வைத்து அழுத்திப் பார்த்தால், விலாவுக்குள் ஒளிந்திருக்க வேண்டிய மண்ணீரல் தொப்புள் வரை இறங்கிக் கல்லாகத் தட்டுப்படும். வைத்தியம் கிடைக்காவிட்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் சாவு நிச்சயம்.

சென்னைக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. 1903-ல் நம் அரசு பொது மருத்துவமனையில் மருத்துவர் சார்லஸ் டோனோவான் நோயாளிகளின் மண்ணீரலில் இந்த ஒட்டுண்ணியைப் பார்த்தார். கல்கத்தா அருகே டம்டம்மில் நோய் பிடித்துச் செத்த ஒரு சிப்பாயின் மண்ணீரலில் அதே உருவைக் கண்டதாக, சில வாரங்கள் முன்னால் லண்டனில் ராணுவ மருத்துவர் லீஷ்மன் அச்சேற்றியிருந்தார். கண்டுபிடித்தது நீயா நானா என்ற தகராறை ரொனால்ட் ராஸ் தீர்த்துவைத்தார்: பேரில் முன்பாதி அவருக்கு, பின்பாதி இவருக்கு, லீஷ்மேனியா டோனோவானி. மண்ணீரல் கொடுத்தவர்களுக்குக் கால் பங்கும் இல்லை. அந்த வழக்கம் இன்றுவரை மாறவில்லை.

வேடிக்கை என்னவென்றால், இந்த நோயை யாரும் ஒழிக்கப் புறப்படாத காலத்தில்தான் அது ஏறக்குறைய ஒழிந்தது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் மலேரியாவுக்காக வீடு வீடாக டிடிடி பூச்சிமருந்து அடித்தார்கள். கூடவே மணல் ஈயும் செத்தது. மலேரியா அடங்கிவிட்டதென்று தெளிப்பானைக் கழுவிக் கவிழ்த்தார்கள். எழுபதுகளில் வடபீகாரில் காலா அசார் திரும்பி வந்தது. 1992-ல் மட்டும் நாட்டில் 77,102 பேருக்கு நோய், 1,419 சாவு. இவை அரசாங்கப் பதிவேட்டுக்கு வந்து சேர்ந்தவர்களின் கணக்கு. ஊரோடு செத்தவன் பதிவேட்டுக்கு எங்கே வரப்போகிறான்?

அன்றைக்கு இருந்த வைத்தியம் ஆன்டிமனி ஊசி, ஏறக்குறைய ஒரு மாதம், தினம் ஒன்று. தொண்ணூறுகளின் இறுதியில் பீகாரின் முசாபர்பூர் பக்கம் பாதிப் பேருக்கு மேல் அது வேலை செய்யாமல் போனது. அப்போதுதான் ஜெர்மனியில் புற்றுநோய்க்காக உருவான மில்டெஃபோசின் என்ற மாத்திரை இதற்கு எடுபடுமா என்று சோதிக்கவேண்டி வந்தது. சோதிக்க உடம்பு வேண்டுமே? பீகாரில் உடம்புக்குப் பஞ்சமில்லை. 299 நோயாளிகள் 28 நாள் விழுங்கினார்கள். வாந்தி, பேதி எல்லாம் தாங்கினார்கள். நூற்றுக்கு 94 பேர் குணமானார்கள். 2002-ல் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. கருவைப் பாதிக்கும் மருந்து என்பதால் பெண்கள் கருத்தடை செய்துகொண்டுதான் சாப்பிடவேண்டும் என்பது கொசுறு.

பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2014-ல், இதே மாத்திரையை நைட் தெரபியூடிக்ஸ் என்ற கனடா நிறுவனம் அமெரிக்காவில் பதிவு செய்தது. புறக்கணிக்கப்பட்ட நோய்க்கு மருந்து கொண்டுவருகிறவர்களுக்கு அமெரிக்கச் சட்டம் ஒரு சன்மானச் சீட்டுத் தருகிறது. சீட்டு வைத்திருப்பவர் தன்னுடைய வேறு எந்த மருந்தையும் வரிசையில் முந்திக்கொண்டு பரிசீலனைக்கு அனுப்பலாம். சீட்டை விற்கவும் செய்யலாம். மருந்து வெளிநாட்டில் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்ததா என்று சட்டம் கேட்கவில்லை. அந்த மருந்தை நோயாளிக்கு எட்டும் விலையில் கொடு என்றும் சொல்லவில்லை. அதே வருஷம் நவம்பரில் நைட் அந்தச் சீட்டை கிலியட் என்ற மருந்து நிறுவனத்துக்கு விற்றது. விலை 12.5 கோடி டாலர். அன்றைய மதிப்பில் 750 கோடி ரூபாய்க்கு மேல். புது மூலக்கூறு ஒன்றும் இல்லை, புது நோயாளி ஒருவரும் இல்லை. விழுங்கியவன் பீகார்க்காரன், ஏப்பம் விட்டது பங்குச்சந்தை.

இங்கே நோயாளிக்குச் சன்மானம் இல்லாமலில்லை. கூலி இழப்புக்கு மத்திய அரசு 500 ரூபாய், பீகார் அரசு 6,600 ரூபாய். ஆக 7,100. வங்கிக் கணக்கு இருந்தால்.

நோய் குறையவில்லை என்று நான் சொல்லவில்லை. குறைந்திருக்கிறது, நிறையவே. லிபோசோமல் ஆம்ஃபோடெரிசின் என்ற மருந்து வந்தபிறகு ஒரே நாள் நரம்பில் ஏற்றினாலே ஆள் பிழைத்துக்கொள்கிறார். 35 கிலோ எடையுள்ளவருக்கு ஏழு குப்பி. அந்தக் குப்பிகளை உலக சுகாதார நிறுவனம் வழியாக நன்கொடையாகத் தந்துவந்தது யார் என்றால், அதே கிலியட். காய்ச்சல்காரர்களைத் தேடி வீடு வீடாக ஏறி இறங்கும் ஆஷா பெண்கள் இல்லாவிட்டால் அந்தக் குப்பியும் குளிர்பெட்டியிலேயே கிடந்திருக்கும். 2007-ல் 44,000-க்கு மேல் இருந்த எண்ணிக்கை 2022-ல் ஆயிரத்துக்குக் கீழே வந்துவிட்டது. ஆனால் ஒழிப்பு என்று அரசு சொல்வது வேறு கணக்கு: ஒரு வட்டாரத்தில் பத்தாயிரம் பேருக்கு வருஷத்தில் ஒரு நோயாளிக்கும் குறைவாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். இரண்டு லட்சம் பேர் வாழும் வட்டாரத்தில் பத்தொன்பது பேர் மண்ணீரல் வீங்கிப் படுத்திருந்தாலும் அங்கே நோய் ஒழிந்ததாகக் கையெழுத்துப் போடலாம். இருபதாவது ஆள் வந்து கெடுக்காமல் இருக்கவேண்டும்.

இப்படியே வங்கதேசம் 2023-ல் முதலில் சான்றிதழ் வாங்கிவிட்டது. அன்றைக்கு நமக்கோ அதற்கும் வரிசை.

சுவர் விஷயத்துக்கு வருகிறேன். தெளிப்பவர் வருஷத்துக்கு இரண்டு சுற்று வருவார், ஆறடி உயரம் வரை சுவரில் அடிப்பார், போவார். டிடிடிக்கு மணல் ஈ பழகிவிட்டது என்று ஆய்வாளர்கள் கத்திய பிறகும் 2015 வரை அதையே அடித்தார்கள். மண்சுவருக்குப் பதில் செங்கல் சுவர் வைத்தால் என்ன என்று கேட்டீர்களானால், அந்த யோசனை அரசுக்கும் வராமலில்லை. பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் காலா அசார் கிராமங்களுக்கென்று 25,955 செங்கல் வீடுகள் என்று கணக்குக் காட்டியது. அதில் 24,584 ஜார்க்கண்டுக்கு. நாட்டின் நோயாளிகளில் பெரும்பகுதியைச் சுமக்கும் பீகாருக்கு 1,371. இத்தனை காலம் காத்திருந்தும் உங்களுக்குச் செங்கல் வரவில்லை என்றால், கோளாறு உங்கள் கிராமத்திடம்தான். காய்ச்சல் போதவில்லை.