கப்பு கப்புன்னு குதிக்காதே, கண்ணு

வா தாயி, உட்காரு. இந்தத் தீபாவளிக்கு உன் கைப் பலகாரம்தானாமே! ஷா ஆலத்துல இனிமே யாரும் கடைக்குப் போக வேண்டாம்னு உங்கம்மா சொன்னா. போன்ல சமையல் குறிப்பு குடுக்கிற ஒரு அமெரிக்காக்காரி “ஒரு கப் பாதாம்”னு சொன்ன மறுநிமிசமே ரைஸ் குக்கரோட வந்த பிளாஸ்டிக் கப்பைத் தூக்கிட்டியாம். அதுதான் சுறுசுறுப்பு! அவ கப்பு கிட்டத்தட்ட 237 மில்லி, உன்னது 180 மில்லி. பாதாமுல கால்வாசி காணோம். ஆனா மாவும் சீனியும் மட்டும் பக்கத்து வீட்டுத் தராசை வாங்கி கிராம்ல போட்டிருக்கே. பாதாம் என்ன பாவம் செஞ்சுச்சு?

கடையில விக்கிற அளவுக் கப்பு வாங்கிட்டா சரியாப் போயிடுமா? அதுல சிலது 250 மில்லி, சிலது 240. அதைக்கூட விடு. அவ கப்புல முழுப் பாதாம் போட்டா 143 கிராம் நிக்கும். சீவுன பாதாம்னா 92 கிராம். அரைச்ச பொடின்னா 95. கப்பு அதேதான், உள்ளே இருக்கிற இடைவெளிதான் வேற. முழுப் பாதாம் ஒரு கப்பை அரைச்சா ஒண்ணரைக் கப்புப் பொடி வரும். அதனால “அரைச்ச பாதாம் ஒரு கப்”பா, “ஒரு கப் பாதாமை அரைச்சுக்கோ”வான்னு பார்த்துப் படி. பாதாம் பூராவும் விழுந்த பிறகு படிக்கிறதும் ஒரு முறைதான், நம்ம வீட்டுல பரம்பரையா நடக்குது.

வால்நட் இன்னும் கெட்டிக்காரன். பாதிப் பாதியா இருந்தா கப்புக்கு 100 கிராம். நறுக்குனா துண்டு சந்துல புகுந்துக்கும், 117 ஆயிடும். பொடிச்சா திரும்ப இறங்கி 80. ஏறுறவன் இறங்குறவன் கணக்கு கப்புக்கு எப்படித் தெரியும்?

தோட்டத்துல எங்களுக்கும் அளவு இருந்துச்சு. பால் டின்தான். ஒரு டின் அரிசின்னா ஊருக்கே தெரியும். தலைதட்டி அளக்குறதா, கோபுரமா அளக்குறதா என்பதுதான் சண்டை. வாங்குறவன் கை கோபுரம் கட்டும், கொடுக்குறவன் கை தட்டும். கடைக்காரன் காத்தியில நிறுத்துக் குடுத்தான், 16 தாயில் ஒரு காத்தி, இப்போக் கணக்குக்கு 605 கிராம். 1972ல எடை, அளவுச் சட்டம் வந்து கிலோவுக்கு மாத்தச் சொன்னாங்க. தராசு மாறிடுச்சு, எங்க வாய் இன்னும் மாறல.

இன்னொரு குழியையும் காட்டிடறேன். அந்த அமெரிக்காக்காரி “8 அவுன்ஸ் பாதாம்”னு சொன்னா, அது எடை, 227 கிராம். தண்ணிக்கு 8 அவுன்ஸ் ஒரு கப்புதானேன்னு கப்பை எடுத்தே, 143ல நின்னுடுவே. மீதி 84 கிராமை அடுப்புல தேடக் கூடாது.

அல்மண்ட் லண்டன் போடறதா இருந்தா கப்பும் வேண்டாம், கிராமும் வேண்டாம், எண்ணு. பிஸ்கட்டுக்கு ஒரு முழுப் பாதாம்தான். ஒரு பாதாம் சுமார் 1.2 கிராம். 200 பிஸ்கட்டுக்குக் கால் கிலோ போதும். கிள்ளான்ல தெங்கு கிளானா சாலைக்குப் போனா கால் கிலோவுக்கே பை போட்டுக் குடுப்பாங்க, அரைக் கிலோ வாங்கிட்டு வந்து நிக்காதே. கச்சான் பிஸ்கட்டுன்னா மட்டும் தராசுல வை. தோலோட இருக்கிற பச்சைக் கச்சான் அவ கப்புக்கு 146 கிராம். வறுத்துத் தோலை ஊதுனா எடை குறைஞ்சிடும், அதனால வறுத்து உரிச்ச பிறகு நிறு. ஊதும்போது வாசல் பக்கம் போ, போன வருசத்துத் தோல் இன்னும் ஃபேன்ல இருக்கு.

தராசு வாங்கக் காசு இல்லைன்னு சொல்லாதே, கையில இருக்கிற போனோட உறை விலைக்கே ஒண்ணு கிடைக்கும். அதுவரைக்கும் பக்கத்து வீட்டுத் தராசை இன்னொரு தடவை கேட்டு, உன் கப்புல முழுப் பாதாம் எத்தனை, பொடி எத்தனைன்னு நிறுத்துப் பார்த்து, கப்பு மேலயே எழுதி வச்சுக்கோ. மார்க்கர் பேனா என் சட்டைப் பையில இருக்கு.

கால் கிலோ பாதாம்னா 200க்கு மேல கொஞ்சம் இருக்கும். கடைக்காரன் சரியாக் குடுத்தானான்னு யாராவது எண்ணிப் பார்க்கணும் இல்ல? பையை இப்படி என் பக்கத்துல வை, உன் தாத்தனுக்கு வேலை ஒண்ணும் இல்ல. எண்ணிக்கை 3, 4 குறைஞ்சா கடைக்காரன்கிட்ட மட்டும் போய்ச் சண்டை போடாதே.