முதுகு வேறு, காது வேறு

ஹாம்பர்க்

அன்பும் மரியாதையும் நிறைந்த பெரியப்பா அவர்களுக்கு,



தாங்கள் காகிதத்தில் எழுதி, அதைப் பேரன் போட்டோ பிடித்து அனுப்பிய கடிதம் கிடைத்தது. முதல் மூன்று பக்கங்களில் கண்ட குடும்ப விவகாரங்களுக்குத் தனியே போனில் பதில் சொல்கிறேன். ஏனெனில் இக்கடிதத்தையும் அவன்தான் தங்களுக்குப் படித்துக் காட்டப்போகிறான். கடைசிப் பக்கம் அவன் சம்பந்தப்பட்டதே. கம்பியில்லாத இயர்பட்ஸ் வேண்டுமென்று ஒற்றைக் காலில் நிற்கிறானே, இப்போதே வாங்கிக் கொடுப்பதா, தீபாவளித் தள்ளுபடி வரை இழுப்பதா, வாங்கினால் காதில் நிற்குமா, மெட்ரோவில் விழுந்து தொலையுமா, நீதான் வீடியோவில் வரும்போதெல்லாம் மாட்டிக்கொண்டிருக்கிறாயே என்று கேட்டிருந்தீர்கள். கடல் கடந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்னும் நம்பிக்கை காலடிப்பேட்டையில் இன்னும் அழியாதிருப்பது என் பாக்கியம். இவ்விஷயத்தில் எனக்குள்ள யோக்கியதை, காது இரண்டு உண்டு என்பதுதான்.

இந்நாட்டில் ஞாயிற்றுக்கிழமை மௌன விரதம். சுவரில் துளை போடக்கூடாது. காலிப் புட்டிகளைத் தெருமுனைத் தொட்டியில் போடக்கூடாது, விழுகிற சத்தம் அயலாரின் ஓய்வைக் கெடுக்குமாம். வீட்டில் பாட்டு வைத்தால் அது அறைக்குள்ளேயே அடங்க வேண்டும். இதையெல்லாம் அறிந்தும், வடிவுடையம்மன் சந்நிதித் தெருவில் நிற்கிற பாவனையில் ஒரு ஞாயிறு காலை நாதஸ்வரத்தை வைத்துவிட்டு நான் தோசை வார்த்துக்கொண்டிருக்க, கீழ்வீட்டு அம்மாள் (வயது எண்பது, காதுக்கு மட்டும் இருபது) கதவில் ஒரு சீட்டை ஒட்டிவிட்டுப் போனார். வசை ஏதுமில்லை. ‘மதிப்பிற்குரிய அண்டை வீட்டாரே’ என்று தொடங்கி, கட்டட விதியின் எண்ணைக் குறிப்பிட்டு, ‘நட்புடன்’ என்று முடிந்திருந்தது. நம் தெருவில் நாலு வார்த்தை ஏசிவிட்டு அரைமணியில் கறிவேப்பிலை கேட்டு வருவார்களே, அந்தச் சௌகரியம் அச்சீட்டில் இல்லை. அந்த ‘நட்புடன்’ என்பதற்குப் பயந்துதான் இயர்பட்ஸ் வாங்கினேன்.

பெட்டியில் சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று ஜோடி ரப்பர்க் குல்லாய்கள். பொருத்தியே வருவது நடுத்தரம். உலகத்தார் காதெல்லாம் நடுத்தரம் என்பது கம்பெனிக்காரர்களின் சித்தாந்தம் போலும். மாட்டிக்கொண்டு மிருதங்கம் கேட்டால் வலந்தலை மட்டும் துள்ளுகிறது, இடப்பக்கத்துத் தொப்பியைக் காணோம். வித்துவான் இடக்கையை வீட்டில் வைத்துவிட்டுக் கச்சேரிக்கு வந்துவிட்டாரோ என்று தோன்றும். காரணம் சொற்பமே: காதுத் துவாரத்துக்கும் குல்லாய்க்கும் நடுவே மயிரிழைச் சந்து இருந்தாலும் கனத்த நாதம் அதன் வழியே போய்விடும், கூரிய நாதம் மாத்திரம் தங்கும். முறுக்கு கடித்தாலோ இன்னும் சங்கடம். தாடை அசையும்போது காதுக் குழலின் வடிவமும் அசைவதால், கடிக்குக் கடி இடக்காதில் உள்ளது சிறிது சிறிதாக வெளியே வந்து, ஒரு முறுக்கு முடியுமுன் சட்டைப் பைக்குள் விழுகிறது.

திருப்பிவிடலாமே என்பீர்கள். இணையத்தில் வாங்கிய பொருளை 14 நாட்களுக்குள் காரணமே சொல்லாமல் திருப்பலாம் என்பது இங்குள்ள சட்டம். அதைப் பற்றித் தங்களிடமே நான் பெருமையடித்ததுண்டு. அச்சட்டத்துக்குள் ஓர் உபவிதி ஒளிந்திருக்கிறது: சுகாதார நிமித்தம் முத்திரையிட்ட பொருளாயின், முத்திரை உடைந்ததும் அவ்வுரிமை அற்றுப்போகும். விற்றவர் (பெயர் எதற்கு, பெரிய இடம்) அதைக் காட்டினார். காதில் வைக்காமல் காதுக்குப் பொருந்துமா என்று அறியும் மார்க்கம் யாது என்று வினவினேன். பெட்டியின் மேல் அச்சிட்ட அளவுகளைப் பார்த்துத் தீர்மானிக்கலாமே என்று பதில் வந்தது. என் காதின் உள்விட்டம் ஆதார் அட்டையில்கூடக் கிடையாதே என்று எழுத எண்ணி, ஆதார் இன்னதென்று விளக்கும் சிரமத்துக்கு அஞ்சி விட்டேன்.

அச்சமயத்தில்தான் மெத்தை வழக்கு என் கண்ணில் பட்டது. இதே நாட்டில் ஒருவர் 2014-ல் இணையத்தில் மெத்தை வாங்கி, மேலுறையைக் கழற்றிய பின் வேண்டாமென்று திருப்ப முயல, கடைக்காரர் இதே சுகாதார விதியைக் காட்ட, வழக்கு படிப்படியாக ஏறி லக்ஸம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம் வரை சென்று, 2019 மார்ச் 27-ஆம் தேதி தீர்ப்பாயிற்று: மெத்தையையும் துணிமணி போலச் சுத்தம் செய்து மறுபடி விற்கலாம், ஆகவே உறை போனாலும் உரிமை போகாது. ஆள் படுத்து உருண்ட மெத்தை சுத்தி அடையுமாம். சுண்டுவிரல் நுனியளவு குல்லாய், சோப்புத் தண்ணீரில் அலசி உலர்த்தத் தக்கது, அடையாதாம். தீர்ப்பின் தேதி சகிதம் விஸ்தாரமாக எழுதினேன். மெத்தை தேகத்தின் வெளிப்புறத்தைத் தொடுவது, தங்கள் பொருள் உட்புகுவது என்று பதில் வந்தது. அதாவது முதுகு வேறு, காது வேறு. இரண்டும் ஒரே ஆசாமியுடையவை என்ற என் வாதம் எடுபடவில்லை. அப்படியாயின் தலையணை எந்தக் கட்சி, ஒருக்களித்துப் படுப்பவனுக்குக் காதல்லவா அதில் படுகிறது என்று மறுபடி எழுதினேன். அதற்கும் சளைக்காமல், காதின் எப்பகுதி என்பதைப் பொறுத்தது என்று பதில் போட்டார்கள். முடிவில் ‘நட்புடன்’.

விமோசனம் என்னோடு வேலை செய்கிற ஒரு துருக்கியரிடமிருந்து வந்தது. “உன் இரண்டு காதும் ஒரே அளவென்று யார் சொன்னது?” என்றார். வாஸ்தவம். இடப்பக்கம் பெரிதும் வலப்பக்கம் நடுத்தரமும் போட்டு, எதிர்க் கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துக்கொண்டு செருகி லேசாகத் திருகினேன். தொப்பி வந்து சேர்ந்தது, முறுக்குக்கும் அசையவில்லை. இடக்காது அகன்ற காரணம், எனக்குப் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவருக்குத் தெரியும். தங்களைக் குறையாகச் சொல்லவில்லை.

இதில் வெளியோசையை அழிக்கும் வித்தையும் உண்டு. பவுல் லூயெக் என்ற இந்நாட்டவர் 1930-களிலேயே காப்புரிமை பெற்ற யோசனை. வருகிற ஓசையை மைக் வாங்கி, அதற்கு நேர் எதிரான அலையை எழுப்பி, ஒன்றால் ஒன்றை மாய்ப்பது. ரயிலின் இடைவிடாத உறுமலுக்கு உதவும், பேச்சுக்கு அவ்வளவாக உதவாது. மெட்ரோவில் காலேஜ் போகிறவனுக்குப் பிரயோஜனமானது. எனக்கோ, மாய்ப்பதற்கு ஓசை வேண்டாமா? இவ்வூர்த் துறைமுகத்தின் ஆல்டென்வெர்டர் முனையத்தில் 2002 முதலே கன்டெய்னர் சுமக்கிற வண்டிகளுக்கு டிரைவர் கிடையாது. ஹாரன் அடிக்க ஆளில்லை, கிளீனரைத் திட்ட ஆளில்லை. எண்ணூர் சாலையில் டிரெய்லர் வரிசை நின்று தூசியும் புகையும் தின்னும் டிரைவர்களை எண்ணும்போது, இங்கே முடிவது அங்கே ஏன் முடியாது என்று எரிச்சலாக வருகிறது; அந்த முனையத்தை நானே கட்டியது போல எல்லாரிடமும் அளக்கவும் செய்கிறேன்.

ஆனாலும் ஞாயிறு விடியலில் எல்ப் நதிக்கரை மீன் சந்தைக்குப் போகாமல் இருக்க முடிவதில்லை. 1703 முதல், சர்ச் ஆராதனைக்கு முன் விற்றுத் தீர்க்கட்டும் என்று அனுமதி பெற்ற சந்தை. கோடையில் காலை 5 மணிக்கே கூடி ஒன்பதரைக்குக் கலையும். புட்டி போடக்கூடாத அதே ஊரில், அதே ஞாயிற்றுக்கிழமையில், விலாங்கு விற்கிறவர் மீனைத் தலைக்கு மேல் ஆட்டி, வாங்காதவனைக் கேலி செய்து, அதே விலைக்கு இன்னொன்று, மேலும் ஒன்று என்று பையில் எறிந்து தொண்டை கிழியக் கத்துகிறார். சொல் பாதி புரியாவிட்டாலும் ராகம் முழுக்கக் காசிமேடு. அங்கே இயர்பட்ஸைக் கழற்றி டப்பாவில் போட்டுவிடுவேன். விலாங்கை வாங்குவதில்லை, அதைக் குழம்பாக்கப் பெரியம்மா வேண்டும்.

இனி, எப்போது வாங்குவது? அடுத்த மாடலுக்காகக் காத்திருப்பது வீண். வருஷந்தோறும் ஒன்று வரும். இக்கருவியின் ஆயுள் அதன் பேட்டரியே. இரண்டு மூன்று வருஷத்தில் அது தளர்ந்துவிடும், பெரும்பாலானவற்றில் மாற்றவும் முடியாதபடி ஒட்டி அடைத்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் 2027 பிப்ரவரி 18 முதல், சில விலக்குகள் போக, இம்மாதிரிச் சிறு கருவிகளின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றத்தக்கதாக இருக்க வேண்டுமென்று சட்டம். சார்ஜ் துளைக்கு யூஎஸ்பி-சி என்று 2024 டிசம்பர் 28 முதல் கட்டாயப்படுத்தியதும் இவர்களே. ஆகவே விலையுயர்ந்ததை அந்தப் பேட்டரிச் சட்டம் வந்த பின் பார்த்துக்கொள்வோம். இப்போதைக்குச் சுமாரானது போதும், அதற்குத் தீபாவளி வரை இழுக்க வேண்டியதில்லை. பாடம் கேட்கத்தான் என்று அவன் சொன்னால் நம்ப வேண்டாம். (டேய், இந்த வரியை விழுங்காமல் படி.)

கடைக்கு அவனையும் அழைத்துப் போங்கள். ரிச்சி தெருவில் மாதிரிக்கு வைத்திருப்பதைச் சட்டை நுனியில் துடைத்து, ‘போட்டுப் பாருங்க’ என்று நீட்டுவார்கள். சுகாதார சாஸ்திரத்துக்கு விரோதம், காதுக்கு நியாயம். துடைக்கத் துணி ஒன்று கையோடு இருக்கட்டும். குல்லாயை இரு காதுக்கும் தனித்தனியே மாற்றிப் பார்த்து, வேர்க்கடலை மென்று, தலையை ஆட்டிய பின் சரியென்றால் சரி. நசுக்கிச் செருகினால் உள்ளே விரிகிற நுரைக் குல்லாயும் தனியே கிடைக்கும். நம்மூர் வியர்வைக்கு அது தாங்காது. தொப்பி கேட்கிறதா என்பதை மட்டும் தாங்களே ஒருமுறை மாட்டிச் சோதியுங்கள். அவனுக்கு அந்தப் பேதமெல்லாம் தெரியாது.

ஒரே ஒரு நிபந்தனை. மெட்ரோவை விட்டு இறங்கித் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கால் வைக்குமுன் இரண்டையும் கழற்றிவிட வேண்டும். இங்கே சுற்றுச் சத்தம் கேளாதபடி பாட்டு வைத்துக்கொண்டு சைக்கிள் ஓட்டினால் 10 யூரோ அபராதம். அங்கே லாரிகள் அபராதம் விதிப்பதில்லை.

பணம் அடுத்த வாரம் அண்ணன் கணக்குக்கு வரும்.

தங்கள் அன்புள்ள,
தம்பி மகன்