மூன்று மலையும் ஒரு திரையும்

டைலிங் விண்டோ மேனேஜர் என்ற மென்பொருள் கணினிச் சாளரங்களை ஒன்றன்மேல் ஒன்று விழவிடாது. திரையை இடைவெளியின்றிப் பங்குபோட்டுக் கொடுத்துவிடும். மவுஸால் இழுத்து ஒதுக்கும் நேரம் மிச்சம். அந்த மிச்சத்தையும் அதற்கு மேலும் விழுங்குவது, எப்படிப் பங்குபோடுவது என்ற யோசனை. 1985-இல் விண்டோஸின் முதல் பதிப்பும் சாளரங்களைப் பக்கத்தில் பக்கத்தில்தான் வைத்தது. 1987-இல் இரண்டாம் பதிப்பு மேலே மேலே போட அனுமதித்தது. அன்று குவியத் தொடங்கியது இன்னும் குவிகிறது.

பங்கீட்டு முறைகளில் பரவலானது 'முதன்மையும் அடுக்கும்'. செஞ்சிக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அவர்கள் கோட்டையின் மலைகளில் ராஜகிரி பெரியது, கிருஷ்ணகிரியும் சந்திரகிரியும் துணை, மூன்றையும் மதில் வளைத்திருக்கிறது, ஒன்று மற்றொன்றை மறைத்து மேலே ஏறிக்கொள்வதில்லை. 2006-இல் வந்த டிடபிள்யூஎம் என்ற மேனேஜர் இதையே இயல்பாக வைத்திருக்கிறது: இடப்புறம் 55 சதவீதம் முதன்மைச் சாளரத்துக்கு, மீதி, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிய மற்றவற்றுக்கு. மலைகளுக்கு இடப் பஞ்சம் இல்லை. 1366×768 மடிக்கணினியிலோ முதன்மைக்கு 751 பிக்சல் அகலம், அடுக்குக்கு 615. அடுக்கில் மூன்று சாளரம் திறந்தால் தலைக்கு 256 பிக்சல் உயரம். மேல்பட்டை போக அதுவும் குறையும். அதில் திண்டிவனம் பஸ் நேரம் பார்க்கலாம், நிரல் எழுத முடியாது.

சுருள் அமைப்பு ஒவ்வொரு முறையும் மீதியைப் பாதியாக்கும். ஐந்தாவது சாளரத்துக்குக் கிடைப்பது திரையில் 16-இல் ஒரு பங்கு. படம் பிடித்து நண்பர்களுக்குக் காட்ட இதைவிட அழகானது இல்லை. வேறு பயனும் இல்லை. 2009-இல் வந்த ஐ3 மேனேஜர் கிடையாகப் பிரிப்பதா நெடுக்காகப் பிரிப்பதா என்பதைப் பயனரிடமே விட்டுவிடும். பாகப்பிரிவினை பார்த்துப் பழகியவர்களுக்கு ஏற்றது. மோனோக்கிள் என்பது ஒரே சாளரம், முழுத்திரை. டைலிங்கைத் தேடிப் புறப்பட்டவர்கள் கடைசியில் வந்து சேரும் இடம் பெரும்பாலும் இதுதான்.

டிடபிள்யூஎம்மில் விகிதத்தை விசைகளாலேயே மாற்றலாம். நிரந்தரமாக மாற்ற வேண்டுமென்றால் சி நிரல் கோப்பைத் திருத்தி மறுபடி தொகுக்க வேண்டும். முற்றுகை தொடங்குவது இங்கே. 1690-இல் ஜுல்பிகர் கான் தலைமையில் முகலாயப் படை செஞ்சியை வளைத்தது. கோட்டை விழுந்தது 1698-இல். அதற்குள், உள்ளே இருந்த மராத்திய அரசர் ராஜாராம் தப்பிப் போயிருந்தார். கோப்பைத் திருத்தி முடிப்பவர் நிலையும் இதுவே: அமைப்பு கைக்கு வந்திருக்கும், வேலைக்கான கெடு தப்பிப் போயிருக்கும்.

14 அங்குலத் திரைக்கு இரண்டு சாளரம்வரை முதன்மையும் அடுக்கும் போதும். மூன்றாவது தேவைப்பட்டால் மோனோக்கிளுக்கோ அடுத்த பணித்தளத்துக்கோ போய்விடுங்கள். நான்காவதைத் திறக்காதீர்கள்.