தாசில்தார் மேல் குற்றமில்லை

ஆறேழு வயதான லேப்டாப்புக்கு நம் வீடுகளில் கிடைக்கும் மரியாதை, பென்ஷன் இல்லாத தாத்தாவுக்குக் கிடைப்பதைவிடக் குறைவு. பவர் பட்டனை அழுத்திவிட்டுப் பால் காய்ச்சப் போகிறார்கள். பால் பொங்கி, காபி கலந்து, குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்த பிறகும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. உடனே ஆளுக்கொரு வைத்தியம். வைரஸ் என்கிறார் ஒருவர். ஃபார்மேட் அடித்தால் சரியாகிவிடும் என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர், கணினியைப் பற்றி ஒன்றும் தெரியாதவருக்கே வாய்க்கும் துணிச்சலோடு, தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கச் சொல்கிறார். நோய் என்ன என்பதில் மட்டும் மூவருக்கும் சண்டை இல்லை: வயதாகிவிட்டது, மூளை மழுங்கிவிட்டது. இது அபாண்டம். மூளை கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறது. அதன் கைக்கு வேலை வந்து சேரவில்லை, அவ்வளவுதான். ஹார்ட் டிஸ்க் என்ற ஒரே ஒரு உறுப்பைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டால் பெரும்பாலான கிழட்டு லேப்டாப்புகள் எழுந்து நடக்கும் என்பதே என் கட்சி.

ஒரு தாலுகா அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். தாசில்தார் படு சுறுசுறுப்பு; கோப்பு கைக்கு வந்தால் ஒரு நொடியில் கையெழுத்து. மேசைமேல் இருக்கும் கோப்புக்குப் பிரச்சினையே இல்லை. அங்கே இல்லாததை ரெக்கார்டு ரூமிலிருந்து கிளார்க் எடுத்து வர வேண்டும். கணினியில் தாசில்தார்தான் பிராசஸர், மேசை என்பது ரேம், ரெக்கார்டு ரூம் கிளார்க் ஹார்ட் டிஸ்க். 2 கிகாஹெர்ட்ஸ் பிராசஸர் நொடிக்கு 200 கோடி முறை துடிக்கிறது. அதன் ஒரு துடிப்பை நம் ஒரு நொடியாக நீட்டிப் பார்த்தால், மேசையிலிருந்து கோப்பை எடுக்க மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எடுக்க ஒரு வருடமும் ஒரு மாதமும் ஆகும். தாலுகா அலுவலகம் போய்வந்தவர்களுக்கு இந்த எண் அதிர்ச்சி தராது. நம்பாதவர்கள் விண்டோஸ் 10 ஓடும் பழைய லேப்டாப்பில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தலாம். டாஸ்க் மேனேஜர் வரும். அதுவும் மெதுவாகத்தான் வரும், பொறுக்க வேண்டும். டிஸ்க் என்ற பத்தியில் 100 சதவீதம் சிவந்து நிற்க, சிபியு என்ற பத்தி பத்துக்கும் இருபதுக்கும் நடுவே கொட்டாவி விடும். பதின்மூன்று மாதம் கை கட்டி உட்கார்ந்திருப்பவரைத்தான் நாம் சோம்பேறி என்கிறோம். புது லேப்டாப் பறக்கிறதே என்று கேட்டால், அங்கே தாசில்தாரோடு கிளார்க்கையும் மாற்றிவிட்டார்கள். பாராட்டு மட்டும் வழக்கம்போல அதிகாரிக்குப் போகிறது.

கிளார்க்கையும் முழுக்கத் திட்டுவதற்கில்லை. அவர் உடல்வாகு அப்படி. லேப்டாப் ஹார்ட் டிஸ்க்குக்குள் இருப்பது பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும் தட்டு. நொடிக்கு 90 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெகண்டு. கேட்ட தகவல் சுழன்று வந்து படிக்கும் முனைக்கு அடியில் நிற்கச் சராசரியாக அரைச் சுற்று. அதற்கு முன்பே அந்த முனையைத் தாங்கிய கை சரியான தடத்துக்கு நகர 12 மில்லிசெகண்டு அளவில் ஆகியிருக்கும். ஆக, சிதறிக் கிடக்கும் துண்டுகளை நொடிக்கு அறுபது முறை எடுத்துக் கொடுத்தாலே அவர் மூச்சு வாங்கிவிடுவார். விண்டோஸோ கண் விழிப்பதற்குள் ஆயிரக்கணக்கான துண்டுகளைக் கேட்கிறது. இது பரம்பரைக் குறை. 1956இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்க்கில் 24 அங்குலத் தட்டுகள் ஐம்பது. எடை ஒரு டன். கொள்ளளவு 50 லட்சம் எழுத்து. ஒரு தகவலைத் தேடி எடுக்க 600 மில்லிசெகண்டு. அரை நூற்றாண்டு கழித்து அதன் வாரிசு 320 ஜிபியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டது. கொள்ளளவு 60,000 மடங்கு பெருத்தது. தேடும் வேகம் ஏறியதோ வெறும் 35 மடங்கு. ரெக்கார்டு ரூமை ஊர் அளவுக்குக் கட்டிவிட்டுக் கிளார்க்குக்கு ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுத்த கதைதான்.

எஸ்எஸ்டியில் தட்டும் இல்லை, கையும் இல்லை. 1980களில் தோஷிபாவின் ஃபூஜியோ மசுவோகா உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகம்தான் அதன் அடிப்படை. நுண்ணிய அறைகளில் மின்னூட்டத்தைச் சிறைவைத்துத் தகவலைக் காக்கிறது. எந்த அறையைத் திறக்கவும் யாரும் நடக்க வேண்டியதில்லை. தேடும் நேரம் சுமார் 0.1 மில்லிசெகண்டு. நம் தாலுகாக் கணக்கில் பதின்மூன்று மாதம் இரண்டேகால் நாளாகச் சுருங்குகிறது. 2008இல் முதல் மேக்புக் ஏர் வந்தபோது 64 ஜிபி எஸ்எஸ்டி வேண்டுமென்றால் கூடுதலாக 999 டாலர் எடுத்து வைக்கச் சொன்னார்கள். அந்தப் பணத்தில் ஒரு முழு லேப்டாப்பே வாங்கலாம். இன்று அதைப்போல நாலு மடங்கு கொள்ளளவு, புது லேப்டாப் விலையில் ஒரு சிறு பகுதிக்குக் கிடைக்கிறது. ராஜ வைத்தியம் பெட்டிக்கடைக்கு வந்த பிறகும் நோயாளியைப் புதைப்பது பற்றியே பேசுவது நியாயமா?

வாங்கிய புதிதில் நன்றாகத்தானே ஓடியது என்பது முதல் ஆட்சேபம். அன்றைக்கும் தட்டு 5,400 சுற்றுதான், இன்றைக்கும் அதேதான். ஜன்னலில் நிற்கும் கூட்டம்தான் மாறிவிட்டது. அப்டேட் ஒரு பக்கம், ஆன்டிவைரஸ் ஒரு பக்கம், யாரும் கேட்காமலே தானாகத் தொடங்கிக்கொள்ளும் மென்பொருள்கள் ஒரு பக்கம், எல்லோரும் ஒரே கிளார்க்கிடம் ஒரே நேரத்தில் மனு நீட்டுகிறார்கள். ஃபார்மேட் அடிப்பது அந்தக் கூட்டத்தை வெளியே துரத்தி ஷட்டரை இறக்குவது மாதிரி. சில வாரம் நிம்மதி; பிறகு அதே ஆட்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்துவிடுவார்கள்.

எழுத எழுத எஸ்எஸ்டி தேய்ந்துவிடுமாமே என்பது அடுத்தது. தேயும், மறுக்கவில்லை. ஆனால் 250 ஜிபி எஸ்எஸ்டிகளில் 150 டெராபைட் எழுதும்வரை உத்தரவாதம் தருபவை உண்டு. தினம் 20 ஜிபி எழுதினாலும் அதை எட்ட 20 ஆண்டு ஆகும். அதற்குள் கீபோர்டில் எழுத்தெல்லாம் அழிந்து, பல் போன வாய் மாதிரி ஆகியிருக்கும். தேய்மானத்தைவிடக் கவலைப்பட வேண்டியது வேறு. ஹார்ட் டிஸ்க் பல சமயம் டக் டக்கென்று தட்டி, உறவினர்களுக்குச் சொல்லியனுப்பிவிட்டுச் சாகும். எஸ்எஸ்டி சொல்லாமல் கொள்ளாமல் போகக்கூடியது. போனதை மீட்பதும் கடினம். மின்சாரமே காட்டாமல் ஆண்டுக்கணக்கில் பீரோவில் பூட்டிவைத்தால் சிறைப்பட்ட மின்னூட்டம் மெல்லக் கசியவும் செய்யும். ஆகவே கல்யாண போட்டோவுக்கு இன்னொரு நகல் வேறிடத்தில் இருக்க வேண்டும். இந்த அறிவுரை ஹார்ட் டிஸ்க் காலத்திலும் இருந்தது. அப்போதும் யாரும் கேட்கவில்லை.

விவரம் தெரிந்தவர்களின் ஆட்சேபம் கொஞ்சம் கூர்மையானது. ரொம்பப் பழைய லேப்டாப்பில் சாட்டா இரண்டாம் தலைமுறை இணைப்புதான் இருக்கும். எஸ்எஸ்டி நொடிக்கு 550 எம்பி தரத் தயாராக இருந்தாலும் அது 300க்கு மேல் விடாதே என்பார்கள். சரிதான். ஆனால் நம் புகார் லாரி எவ்வளவு சுமக்கிறது என்பது பற்றியதல்ல. ஒவ்வொரு கோப்புக்கும் கிளார்க் எழுந்து போய்வரும் நேரம் பற்றியது. அந்த நேரம் பழைய இணைப்பிலும் குறைகிறது. ரேம் 2 ஜிபிதானே என்றால், அது உண்மையான குறை. மேசை சின்னதாக இருந்தால் கோப்புகளை ரெக்கார்டு ரூமுக்கும் மேசைக்கும் மாற்றி மாற்றி அலைக்கழிக்க வேண்டிவரும். எஸ்எஸ்டி அந்த வலியைக் குறைக்கும், போக்காது. கையோடு ரேமையும் கூட்டிவிடுவது நல்லது. வீடியோ எடிட்டிங்குக்கோ புது கேம்களுக்கோ தாசில்தார் தானே மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்; அங்கே கிளார்க்கை மாற்றிப் பயனில்லை. சில மலிவு லேப்டாப்புகளில் சேமிப்புச் சில்லைப் போர்டோடு பற்றவைத்திருப்பார்கள்; அவற்றில் கழற்ற ஒன்றும் இல்லை. இந்த மூன்று வகையும் போக மீதமிருப்பவை கடிதம் அடிப்பவை, பாடம் படிப்பவை, பில் கட்டுபவை, சீரியல் பார்ப்பவை. ஊரில் பாதிக்கு மேல் அந்த ரகம்தான்.

அந்த ரகத்துக்குத் தமிழ்நாட்டில் ஒரு பெரிய குடும்பமே உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்தநாளில், அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறியோடு விலையில்லா மடிக்கணினியையும் கொடுக்கத் தொடங்கியது. மாணவர்களுக்குப் போய்ச் சேர்ந்த மடிக்கணினிகள் 50 லட்சத்துக்கும் மேல். கூடப் பிறந்தவற்றை நாம் எப்படி நடத்துகிறோம் என்று பாருங்கள். மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் கண்டன்சர் மாற்றுகிறோம். கிரைண்டர் முனகினால் பெல்ட் போடுகிறோம். மிக்சி ஜாருக்குப் பிளேடு மாற்றாத வீடில்லை. மடிக்கணினி முனகினால் மட்டும் பரணில் ஏற்றுகிறோம். இரண்டு ஸ்குரூவைக் கழற்றுவது ரகசியப் பணி என்று யாரோ பயமுறுத்திவிட்டார்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது, பழசு பலவற்றில் விண்டோஸ் 11ஐ முறைப்படி ஏற்ற முடியாதே என்பது கடைசி ஆட்சேபம். அதற்கு லினக்ஸ் இருக்கிறது. அரசு தந்த கணினிகளிலேயே விண்டோஸுக்குப் பக்கத்தில் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பெயர் பாஸ்; ஆனாலும் வீட்டில் யாரும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. அவருடைய உறவினர்கள் பலர் இன்றும் இலவசமாகவே வேலைக்கு வரத் தயார்.

கழற்றிய ஹார்ட் டிஸ்க்கைக் குப்பையில் போட வேண்டாம். உயிர் இருந்தால் ஒரு யுஎஸ்பி உறைக்குள் போட்டால், மறுநியமனம் பெற்ற மூத்த ஊழியர் மாதிரி நகல் காக்கும் வேலையில் அமர்ந்துவிடும். ஓட்டமும் நடையுமான உத்தியோகம் அவருக்கு ஒத்துவராதே தவிர, பெரிய பெட்டியை ஒரே இடத்தில் வைத்துக் காப்பதில் கெட்டிக்காரர். பொன்னாடை போர்த்தி, மோதிரம் போட்டு, அலுவலகமே சேர்ந்து நின்று எடுத்துக்கொண்ட பணி ஓய்வுக் குழுப்படத்தையும் அவரிடமே கொடுத்து வைக்கலாம். பத்திரமாக வைத்திருப்பார். கேட்டால் எடுத்துத் தரத்தான் கொஞ்சம் நேரமாகும்.